துவரம்பருப்பு விலை ஏற என் மகன் காரணமா?

கேள்வி:

வணக்கம் சார். கொருக்குப்பேட்டையில் சின்ன மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு. துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய் மூன்றும் என்னைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. மகன் பி.காம் முடித்துவிட்டு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆறு மாதமாக போனில் மஞ்சள், சீரகம் என்று கமாடிட்டி டிரேடிங் செய்கிறான். ஒன்றரை லட்சம் போட்டிருக்கிறான். அதில் 60 ஆயிரம் நான் சீட்டு எடுத்துக் கொடுத்தது. போன மாதம் மஞ்சளில் 38 ஆயிரம் லாபம் என்று எனக்குப் புடவை எடுத்துத் தந்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த என் கணவரின் அண்ணன், "இவனை மாதிரி ஆளுங்க உட்கார்ந்த இடத்துல சூதாடறதாலதான் பருப்பு விலை ஏறுது. உன் மெஸ்ல நஷ்டம் வர்றதே உன் புள்ளையாலதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. அவர் சொல்வது நிஜமா? இந்தப் பணம் நமக்கு வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடட்டுமா? இன்னொன்று: உளுந்து ஏறப்போகிறது என்று மளிகைக்கடைக்காரர் சொன்னதால் பொங்கலுக்கு முன் நானே இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கி வைத்தேன். அதுவும் தப்புதானா?

பதில்:

வணக்கம் அக்கா. உங்கள் துவரம்பருப்புக்கும் மகனின் போனுக்கும் சம்பந்தம் இல்லை. பெரியவர் கோபத்தில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

பின்னால் ஒரு மாதத்தில் கைமாறப்போகிற சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி ஒப்பந்தம் போடுவதுதான் முன்பேர வணிகம், அதாவது ஃப்யூச்சர்ஸ். துவரை, உளுந்து இரண்டிலும் அதை மத்திய அரசு 2007 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அடுத்த மாதமே அரிசியும் கோதுமையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதாவது, உங்கள் மெஸ்ஸின் சாம்பாரிலும் இட்லியிலும் இருக்கும் முக்கியமான சரக்குகளில் மூன்று அந்த வருஷமே சூதாட்டத்துக்கு வெளியே போய்விட்டன. சரி, விலை அடங்கியதா? 2015 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. பல ஹோட்டல்களில் சாம்பார் ரசம்போல ஆன காலம் அது. அப்போது துவரையில் ஃப்யூச்சர்ஸ் தடை வந்து எட்டு வருஷம் முடிந்திருந்தது. 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் வடக்கே பருவமழை பொய்த்தது, விளைச்சல் குறைந்தது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சரக்குக்கு ஆர்டர் தாமதமாகப் போனது, இடையில் இருந்தவர்கள் மூட்டைகளை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள். பல மாநிலங்களில் குடோன்களைச் சோதனை போட்டு டன் கணக்கில் பருப்பைப் பிடித்தார்கள். திரையில் நம்பர் பார்த்தவர் ஒருவரும் அந்தக் கதையில் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இன்னும் முக்கியம். 200 ரூபாய் விலையைப் பார்த்த விவசாயிகள் 2016-ல் நிலம் நிலமாகத் துவரை போட்டார்கள். மழையும் கைகொடுத்தது. அறுவடை வந்தபோது, போனஸோடு சேர்த்து குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே பல மண்டிகளில் துவரை விலை போனது. விதைக்கும்போது அந்த விவசாயியின் கையில் இருந்த ஒரே தகவல் போன வருஷத்து விலை. வரப்போகிற ஜனவரியில் துவரை என்ன விலைக்குப் போகும் என்று சந்தை நினைக்கிறது என்பதைப் பார்க்க அவருக்கு ஒரு இடமும் இல்லை. ஃப்யூச்சர்ஸ் சந்தையின் வேலையே அதுதான். அதை மூடியதில் பருப்பு வாங்கும் உங்களுக்கும் லாபம் இல்லை, துவரை விளைவிப்பவருக்கும் லாபம் இல்லை.

சரி, துவரையை விடுங்கள். மஞ்சளுக்கும் சீரகத்துக்கும் ஃப்யூச்சர்ஸ் உண்டு, மகன் அதில்தானே இருக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கதை கொஞ்சம் வேறு.

என்.சி.டி.இ.எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் மஞ்சளை வாங்க, விற்க மிகக் குறைந்த அளவு ஒரு லாட். அது 5 டன், அதாவது 50 குவிண்டால். உங்கள் மகன் ஒரு லாட் வாங்கினால், இன்ன மாதம் இன்ன விலைக்கு 50 குவிண்டால் மஞ்சள் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போடுகிறான். அவன் வாங்க ஒருவன் விற்க வேண்டும். விற்பவர் ஈரோட்டு வியாபாரியாக இருக்கலாம், தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் சரக்கு வைத்திருப்பவராக இருக்கலாம், உங்கள் மகனைப் போலவே மஞ்சள் மூட்டையைத் தொட்டே பார்க்காத இன்னொரு பையனாகவும் இருக்கலாம். விலை ஏறினால் வாங்கியவனுக்கு லாபம், அதே தொகை விற்றவனுக்கு நஷ்டம். குவிண்டாலுக்கு 760 ரூபாய் ஏறினால் 50 குவிண்டாலுக்கு 38 ஆயிரம். உங்கள் புடவைக் கணக்கு அநேகமாக அதுதான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு மூட்டை மஞ்சளும் சந்தையிலிருந்து காணாமல் போகவில்லை. யாருடைய சமையலறைக்குப் போகவேண்டிய சரக்கையும் அவன் தடுக்கவில்லை.

ஆனால் இந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளும் தரகர்களை நான் நம்புவதில்லை. திரையில் இருக்கும் விலை திரையிலேயே இருப்பதில்லை. அது குடோனுக்கு வரும் வழி ஒன்று உண்டு.

இப்படிப் பாருங்கள். உதாரணத்துக்கு இன்றைக்கு ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 14,000. மூன்று மாதம் கழித்துத் தரும் மஞ்சளுக்குத் திரையில் விலை 15,000. மொத்த வியாபாரி கணக்குப் போடுகிறார்: பணத்துக்கு மாதம் ஒரு வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 420, குடோன் வாடகை, இன்ஷூரன்ஸ், எடை குறைவது எல்லாம் சேர்த்து ஒரு 150. இன்றைக்கு வாங்கி வைத்துவிட்டு, திரையில் 15,000-க்கு விற்று வைத்தால் குவிண்டாலுக்கு 430 ரூபாய் கிட்டத்தட்ட உறுதியான லாபம். உடனே வாங்கிக் குடோனில் அடுக்குவார். அவரைப் போலப் பத்துப் பேர் செய்தால் இன்றைக்குச் சந்தைக்கு வரவேண்டிய மஞ்சள் குறையும், இன்றைய விலை ஏறும். காகிதத்தில் ஏறிய விலை மூட்டைக்கு வருவது இந்த வழியில்தான்.

இது நல்லதா கெட்டதா என்றால், அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. மழை குறைவு, பயிர்ப் பரப்பு குறைவு என்று தெரிந்து விலை ஏறியிருந்தால், இன்றைக்கு அடுக்கி வைத்த மூட்டை மூன்று மாதம் கழித்துத் தட்டுப்பாட்டு நேரத்தில் வெளியே வரும். அறுவடைக் காலத்தில் விவசாயிக்கும் நாலு காசு கூடுதலாகக் கிடைத்திருக்கும். காரணமே இல்லாமல், போன வாரம் ஏறியது இந்த வாரமும் ஏறும் என்று ஆளாளுக்கு வாங்கியதால் வந்த 15,000 என்றால், குடோனில் அடுக்கியது வீண் அடுக்கல். அது ஒருநாள் சரியும்.

மஞ்சளிலேயே இது நடந்திருக்கிறது. 2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 16 ஆயிரத்தைத் தாண்டியது. மஞ்சள் வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் கைக்கு வரும் பயிர். எட்டொன்பது மாதம் நிலத்தில் கிடக்கும். உச்ச விலையைப் பார்த்து நெல்லையும் கரும்பையும் விட்டு மஞ்சள் போட்டவர்கள் அறுவடை செய்தபோது, 2012 தொடக்கத்தில் விலை 5,000-க்கும் கீழே கிடந்தது. விதை மஞ்சளுக்கே அவர்கள் கொடுத்த விலை வேறு. ஏறியபோது லாபம் பார்த்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். சரிந்தபோது நிலத்தில் பயிர் வைத்திருந்தவரால் வெளியேற முடியவில்லை. ஊக வணிகத்தால் யாருக்குக் கெடுதல் என்று என்னைக் கேட்டால், மளிகைக்கடையில் 100 கிராம் மஞ்சள்தூள் வாங்குபவரைக் காட்ட மாட்டேன். உச்சத்தைப் பார்த்து நட்ட விவசாயியைக் காட்டுவேன்.

ராஜஸ்தானில் நடந்த கொத்தவரைக் கதை இதைவிடப் பெரியது. நம் ஊரில் பொரியல் செய்கிற கொத்தவரைதான். அதன் விதையிலிருந்து எடுக்கும் பிசினை அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தன. தேவை நிஜம். ஆனால் சரக்கு கொஞ்சம், சந்தை சின்னது, பணம் வெள்ளமாக வந்தது. 2012 மார்ச்சில் பிசின் குவிண்டால் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது அரசு அந்த ஃப்யூச்சர்ஸை நிறுத்தியது. அதன் பிறகும் மண்டியில் விலை உடனே இறங்கவில்லை, ஏனென்றால் அமெரிக்கக்காரனுக்குப் பிசின் நிஜமாகவே தேவைப்பட்டது. அடுத்த பருவத்தில் பரப்பு கூடியது, வாங்கியவர்கள் மாற்றுப் பொருள் தேடிக்கொண்டார்கள், விலை இறங்கியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: நிஜமான தட்டுப்பாடு விலையை ஏற்றும். சின்னச் சந்தையில் அளவுக்கு மீறிய பணம் அதைச் சில வாரமோ சில மாதமோ இன்னும் மேலே தூக்கும். பணம் மட்டும் தனியாக நின்று விலையை வருஷக்கணக்கில் தாங்கிப் பிடித்துப் பார்த்ததில்லை, மூட்டையை யாராவது பதுக்கினால் ஒழிய.

உலக அளவிலும் இதே சண்டை நடந்தது. 2008-ல் கோதுமை, மக்காச்சோளம், அரிசி எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியபோது, மைக்கேல் மாஸ்டர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிர்வாகி அந்நாட்டு செனட் குழு முன் போய்ப் பேசினார். பென்ஷன் நிதிகளும் மற்ற பெரிய முதலீட்டாளர்களும் பண்டக் குறியீடுகளில், அதாவது பல சரக்குகளின் ஃப்யூச்சர்ஸை ஒரே கூடையாகச் சேர்த்து வாங்கும் முறையில், போட்ட பணம் 2003 கடைசியில் 1,300 கோடி டாலராக இருந்தது, 2008 மார்ச்சில் 26,000 கோடி டாலர் ஆகிவிட்டது, விலை ஏற்றத்துக்கு இதுதான் காரணம் என்றார். அந்தப் பணம் விலை பார்த்து வாங்குகிற பணம் இல்லை. வாங்கு, மாதம் முடிந்தால் அடுத்த மாதத்துக்கு மாற்று, மறுபடி வாங்கு, அவ்வளவுதான். கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் அந்த வருஷம் பயங்கரமாக ஏறியவற்றில் அரிசியும் ஒன்று. தாய்லாந்து அரிசி வருஷத் தொடக்கத்தில் டன் 400 டாலருக்குள் இருந்தது, ஏப்ரல், மே மாதங்களில் 1,000 டாலர் பக்கம் போனது. இத்தனைக்கும் அரிசியில் அந்தக் குறியீட்டுப் பணம் ஏறக்குறைய இல்லை. பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதியை இந்தியா 2007 அக்டோபரில் கட்டுப்படுத்தியது, வியட்நாமும் கையைச் சுருக்கிக்கொண்டது, பிலிப்பைன்ஸ் பயந்துபோய் எந்த விலைக்கும் வாங்கத் தயாரானது. அரசுகளே பயந்து பதுக்கியதால் வந்த விலை அது. நம் நாட்டிலும் அதே வருஷம் அரசு அமைத்த அபிஜித் சென் குழு இந்த விஷயத்தை ஆராய்ந்தது. ஃப்யூச்சர்ஸால்தான் விலை ஏறியது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் அவர்கள் எழுத வேண்டியிருந்தது.

வெங்காயத்தைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பெரியவர் கேட்பார். ஊக வணிகத்தின் மேல் உலகத்தில் விழுந்த மிகப் பெரிய பழி வெங்காயத்தில்தான் விழுந்தது. 1955-ல் சிகாகோவில் வின்சென்ட் கோசுகா, சாம் சீகல் என்று இரண்டு பேர் அந்த ஊரில் இருந்த வெங்காயத்தை ஏறக்குறைய மொத்தமாக வளைத்துப் போட்டார்கள். அப்புறம் விலை இறங்கும் என்று ஃப்யூச்சர்ஸில் பந்தயம் கட்டிவிட்டு, சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். 2.75 டாலருக்குப் போன 50 பவுண்டு மூட்டை 10 சென்ட்டுக்கு வந்தது. உள்ளே இருந்த வெங்காயத்தைவிட வெறும் சாக்குக்கு விலை அதிகம். விவசாயிகள் கொதித்தார்கள், 1958-ல் வெங்காய ஃப்யூச்சர்ஸையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அந்தத் தடை இன்றும் இருக்கிறது, அமெரிக்க வெங்காய விலை இன்றும் குதிக்கிறது. நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகளில் வெங்காயத்துக்கு ஃப்யூச்சர்ஸ் இல்லை. ஆனாலும் 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மகாராஷ்டிரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழைக்கு எந்த எக்ஸ்சேஞ்சும் பொறுப்பு இல்லை.

இதெல்லாம் தூரத்துக் கதையாகப் பட்டால் காசிமேட்டுக்குப் போய் ஒரு காலை ஏலத்தைப் பாருங்கள். மீனை மூன்று மாதம் பதுக்கி வைக்க முடியாது, மீனுக்குத் திரையும் கிடையாது. ஆனாலும் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்தால் வஞ்சிரம் விலை எங்கே போகிறது? வரத்து குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும்.

இப்போது உங்கள் பருப்பில் யார்தான் ஊக வணிகம் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அது உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. பர்மாவிலிருந்து வரும் உளுந்தும், லெமன் துவரை என்று வியாபாரிகள் சொல்லும் துவரையும் இறங்கும் முக்கியத் துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. டெல்லி, மும்பை வியாபாரிகள்கூட "சென்னை உளுந்து என்ன விலை" என்று கேட்டுத்தான் அன்றைய நாளைத் தொடங்குவார்கள். ரங்கூனில் டன்னுக்கு எத்தனை டாலர், ரூபாய் எவ்வளவு, மத்திய அரசு இறக்குமதி வரிச் சலுகையை நீட்டிக்குமா, எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்று வரம்பு போடுமா, இந்த நாலைந்து விஷயங்களை வைத்து மில்காரர்களும் இறக்குமதியாளர்களும் மூட்டையை விடுவதா வைப்பதா என்று முடிவு செய்கிறார்கள். இது சட்டப்படி நடக்கும்வரை வியாபாரம். வரம்பை மீறி மறைத்தால் பதுக்கல். எந்தத் திரையிலும் வராது, எந்த எக்ஸ்சேஞ்சும் கணக்குக் கேட்காது. பெரியவர் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பயம் போனால் விலையும் கொஞ்சம் தணியும்.

எண்ணெய்க்கும் இதே கதைதான். 2021 டிசம்பர் 20-ம் தேதி, பங்கு, கமாடிட்டி சந்தைகளைக் கண்காணிக்கும் செபி ஏழு சரக்குகளில் ஃப்யூச்சர்ஸை நிறுத்தியது: நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு. ஒரு வருஷத்துக்கு என்று தொடங்கி, திரும்பத் திரும்ப நீட்டித்து, 2025-ல் மறுபடி 2026 மார்ச் வரைக்கும் என்றார்கள். பாமாயிலை நிறுத்திய இரண்டே மாதத்தில் உக்ரைன் போர் வந்தது, சூரியகாந்தி எண்ணெய் தடைபட்டது. கோலாலம்பூரில் பாமாயில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. உங்கள் டின் விலையும் கூடவே ஏறியது. நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வரும்போது, மும்பையில் திரையை அணைத்தால் கோலாலம்பூர் விலை எப்படி இறங்கும்? நான்கே மாதத்தில் அது 4,000-க்கும் கீழே வந்தது, அதற்கும் நம் தடைக்கும் சம்பந்தம் இல்லை.

தடை போட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்பதும் இல்லை, வேறு பக்கம் போகும். உங்கள் அரிசி மூட்டையே சாட்சி: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. அதேபோல எக்ஸ்சேஞ்சில் கதவை அடைத்தால் சிலர் டப்பா டிரேடிங்குக்குப் போகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் விலையை வைத்துக்கொண்டு, எக்ஸ்சேஞ்சுக்குப் போகாமலே ஒரு ஆளிடம் கட்டும் பந்தயம் அது. சட்டவிரோதம். என்னைக் கேட்டால், முழுத் தடையைவிட ஒரு ஆள் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பைக் கறாராகப் போடுவதும், சரக்கு குறைந்த மாதங்களில் மார்ஜினை, அதாவது ஒப்பந்தம் போட முன்னால் கட்டிவைக்கும் பணத்தை, ஏற்றுவதும் உபயோகமான வேலை. கொத்தவரையில் அதைச் சீக்கிரம் செய்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு மூட்டை உளுந்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஏறும் என்று நினைத்து முன்கூட்டி வாங்கியதால் அதுவும் ஒரு சின்ன ஊகம்தான். ஆனால் அரைத்து இட்லி ஊற்றப்போகிற உளுந்தை வாங்கி வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. வண்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். பருப்பு விலையைப் பற்றி நீங்கள் பட்ட கவலையில் பாதியை அவன் பணத்தைப் பற்றிப் பட்டிருக்கலாம்.

மஞ்சள் 14,000 என்றால் ஒரு லாட்டின் மதிப்பு 7 லட்சம். மார்ஜின் நாளுக்கு நாள் மாறும்; 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 84 ஆயிரம் கட்டி 7 லட்சத்துச் சரக்கைப் பிடித்துவைத்திருக்கிறான். ஒரே நாளில் விலை 6 சதவீதம் வரை நகர விதி அனுமதிக்கிறது. அதாவது 42 ஆயிரம். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் 80 ஆயிரத்துக்கு மேல் போய்விடும், மொத்தப் பணத்தில் பாதி. அதைவிட மோசம், விலை கீழ் வரம்பைத் தொட்டு நின்றுவிட்டால் விற்றுவிட்டு வெளியே வரலாம் என்றாலும் வாங்க ஆள் இருக்காது. தரகர் "மார்ஜின் போடு" என்று போன் செய்வார், போடாவிட்டால் அவரே கணக்கை முடித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பார். போட்ட பணத்தோடு நஷ்டம் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. சீரகம் என்கிறீர்கள். 2023-ல் அது குவிண்டால் 60 ஆயிரத்தைத் தாண்டி, 2024 தொடக்கத்தில் 30 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. இரண்டு பக்கமும் நிறையப் பேர் அழிந்தார்கள்.

பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களைப் பற்றி செபி 2024-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மஞ்சளும் பங்கும் ஒன்று இல்லைதான். ஆனால் மஞ்சளில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஈரோட்டிலும் நிஜாமாபாத்திலும் தினம் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர். அவருக்குத் தெரிந்து கூரியர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரியாதது நிறைய.

அதனால் மகனிடம் "பாவப் பணம், வேண்டாம்" என்று பேசாதீர்கள். அது உண்மையும் இல்லை, அவன் கேட்கவும் மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ் மூடியதும் அவனை உட்கார வைத்து, ஆறு மாதத்துக்கான காண்ட்ராக்ட் நோட், அதாவது வாங்கி விற்றதற்கான ரசீது, எல்லாவற்றையும் கேளுங்கள். ஒவ்வொரு டிரேடுக்கும் தரகர் அனுப்பியிருக்க வேண்டும், எக்ஸ்சேஞ்சிலிருந்தும் எஸ்.எம்.எஸ். வந்திருக்க வேண்டும். தரகர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை செபி இணையதளத்திலேயே பார்க்கலாம். காண்ட்ராக்ட் நோட்டே இல்லை, ஒரு அண்ணனிடம் ஜிபே செய்கிறேன், டெலிகிராமில் டிப்ஸ் வருகிறது என்று சொன்னால், அது நான் மேலே சொன்ன டப்பா. அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், அதில் பேச்சுக்கே இடம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால், லாபம் வந்த ஒரு மாதத்தை மட்டும் காட்ட விடாதீர்கள். ஆறு மாதத்தையும், தரகுக் கூலியையும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள். பி.காம் படித்த பையன், கூட்டத் தெரியும். வரிக் கணக்கிலும் இதை வியாபார வருமானமாகக் காட்ட வேண்டும். நஷ்டமானாலும் நேரத்தில் காட்டினால்தான் வரும் வருஷங்களின் வியாபார லாபத்தில் கழிக்க முடியும்.

உங்கள் 60 ஆயிரத்தை இந்த மாதமே திருப்பி வாங்கிவிடுங்கள். சீட்டுப் பணத்தில் மார்ஜின் கட்டக் கூடாது. மிச்சம் அவன் சம்பாதித்தது. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு விளையாடுகிறான் என்றால் அவன் இஷ்டம், ஆனால் ஒரு லாட்டுக்கு மேல் வேண்டாம்.

"உறுதியான வட்டி" என்று யாராவது கமாடிட்டியைக் காட்டி வந்தால் இரண்டு பேருமே ஒதுங்கிவிடுங்கள். 2013-ல் நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்சில் அப்படித்தான் சரக்கை வாங்கிச் சில வாரத்தில் விற்பதுபோல் கணக்குக் காட்டி நிலையான வருமானம் கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் அது நின்றது. சுமார் 13,000 முதலீட்டாளர்களின் 5,600 கோடி ரூபாய் மாட்டிக்கொண்டது. குடோன்களைத் திறந்து பார்த்தால் இருக்கவேண்டிய சரக்கு இல்லை.

மெஸ்ஸுக்கு ஒரு யோசனை. துவரையின் புது வரத்து கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தை, மாசியில் வரும். அந்த நேரத்தில் கொத்தவால் சாவடிப் பக்கம் மொத்தக் கடையில் இரண்டு மாதத்துக்கானதை எடுத்தால் சில்லறை விலையைவிடக் குறையும். அதற்கு மேல் பணத்தை மூட்டையில் முடக்காதீர்கள். பக்கத்தில் மெஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது. எண்ணெய் டின்னை முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். அதன் விலை மலேசியாவில் தீர்மானமாகிறது, நாம் கணிக்க முடியாது.

ஒரு அவசர வேலை மட்டும் இருக்கிறது. மஞ்சள் ஒப்பந்தங்கள் வழக்கமாக மாதம் 20-ம் தேதி முடியும். அதற்குச் சில நாள் முன்பே டெலிவரிக் காலம் தொடங்கிவிடும். வாங்கி வைத்த லாட்டை அதற்குள் விற்று முடிக்காவிட்டால் நிஜாமாபாத் குடோனில் 5 டன் மஞ்சளை உங்கள் மகன் முழுப் பணம் கட்டி எடுக்க வேண்டிவரும், எடுக்காவிட்டால் அபராதம். இப்போது அவன் கையில் எந்த மாதத்து ஒப்பந்தம் இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடுங்கள்.